தவிட்டு ஒத்தடம்

என் வீட்டுக்காரர் கூரையிலிருந்து விழுந்த நேரத்தில் நான் சாமி விளக்கேற்றிக்கொண்டிருந்தேன், விளக்கு அணைந்தது என்றெல்லாம் சொன்னால் கேட்பவர்களுக்குப் பிடிக்கும். உண்மையில் நான் குழாயடியில் பக்கத்து வீட்டுக்காரியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். என் குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு அவள் குடத்தை முன்னால் வைத்திருந்தாள். கம்பெனி ஆள் ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கி என் பெயரைக் கேட்டபோது, "இரு, இவளை ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்" என்று அவரையும் அதட்டினேன். அந்த மனுஷன் பாவம், சண்டை முடியும்வரை நின்றார்.

அறுபதுகளின் கடைசி அது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. வயல் வேலை செய்துகொண்டிருந்த எங்கள் ஜனமெல்லாம் காக்கிச் சட்டை மாட்டிக்கொண்டு கம்பெனிச் சங்கு ஊதினால் ஓடுகிறவர்களாகிவிட்டார்கள். அவர் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். மழைக்காலத்துக்கு முன்னால் ஷெட்டின் ஒழுகலை அடைக்க மேலே ஏறியிருக்கிறார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் காலை வைக்கக் கூடாது, கீழே இரும்புச் சட்டம் ஓடுகிற இடமாகப் பார்த்துத்தான் மிதிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அன்றைக்கு ஓர் அடி தள்ளி மிதித்துவிட்டார். ஷீட் உடைந்தது. கீழே இருந்த மெஷினின் விளிம்பில் நடு முதுகு பட விழுந்தார்.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் வைத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. உணர்ச்சி இல்லை, அசைவு இல்லை, சிறுநீர் மலம் வருவது தெரியாது. "எப்ப நடப்பாருங்க டாக்டர்?" என்று கேட்டேன். டாக்டர் என்னைப் பார்க்காமல் அட்டையைப் பார்த்தபடி, "நடக்கறதைப் பத்தி இப்ப பேசாதீங்கம்மா, உக்கார்றதைப் பத்திப் பேசுங்க" என்றார். அப்போது அந்த ஆள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் எனக்கு நல்ல புத்திதான் சொல்லியிருக்கிறார் என்று புரியப் பல நாள் ஆயிற்று.

ஏனென்றால் உட்காருவதே பெரிய காரியம். வெளியூரில், ரயிலில் அரைநாள் தூரத்தில், ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கென்றே அங்கே ஒரு வார்டு. படுத்துக்கிடப்பவனை உட்கார வைத்து, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறக் கற்றுக்கொடுத்து, சிறுநீர்க் குழாயைத் தானே பார்த்துக்கொள்ளப் பழக்கி, சில மாதங்களில் வீட்டுக்கு அனுப்புவார்கள். எங்கள் கம்பெனி மேனேஜரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார். உட்கார்ந்து எழுத முடிந்தால் போதும், ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுத்துப் பதிவு பண்ணுகிற வேலையைத் தருகிறேன் என்று. பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். பொங்கல் கழிந்து இன்ன வாரம் வரலாம் என்று பதில் வந்தது. ஒரே ஒரு நிபந்தனை. உடம்பில் புண் இருக்கக் கூடாது. புண்ணோடு வந்தால் உட்கார வைக்க முடியாது, கட்டிலும் வீண் என்று எழுதியிருந்தார்கள்.

ஆக, எனக்கு ஒரே வேலை. அவர் தோலைக் காப்பாற்ற வேண்டும்.

அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் குடியிருந்த ஒரு நர்ஸம்மா. வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். டியூட்டி முடிந்து சாயங்காலம் வீட்டுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுக்கு வருவார். முதல் நாளே கயிற்றுக் கட்டிலை வெளியே போடச் சொன்னார். பெஞ்சு மேல் இலவம்பஞ்சு மெத்தை, முழங்காலுக்கு நடுவே ஒரு தலையணை, பாதம் தொங்காமல் இருக்க எதிரே ஒரு பலகை. இரண்டு மணிக்கு ஒருதரம் ஆளைப் புரட்ட வேண்டும். எங்கள் வீட்டில் கடிகாரம் இல்லை. தொழிற்பேட்டையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு சங்கு. எந்தச் சங்கு எத்தனை மணிக்கு என்று எனக்கு மனப்பாடம். அதை வைத்து இடப்பக்கம், வலப்பக்கம், குப்புற, மல்லாக்க என்று புரட்டினேன். ஒவ்வொரு தடவையும் பின்புறத்தை விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். சிவப்பு மாறாமல் நின்றால் ஆபத்து.

"அப்புறம் ஒண்ணு. சூடு கிட்டக் கொண்டுபோகாதே" என்றார் நர்ஸம்மா. "வெந்நீர் பாட்டில் வேணாம், ஒத்தடம் வேணாம். சுட்டா அவருக்குத் தெரியாது. அவருக்குப் பதிலா நீதான் தெரிஞ்சுக்கணும்."

கேட்டேன். காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன். நன்றாகவே விழுந்தது.

அந்த மாதங்களில் அவர் நல்ல பிள்ளையாக இருந்தார் என்றும் சொல்ல முடியாது. முதல் இரண்டு வாரம் என்னிடம் பேசவில்லை. நான் கீழே துணியை மாற்றும்போது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். கல்யாணமாகி இரண்டரை வருஷம்; நான் தொட்டுக் குளிப்பாட்டினால் அவருக்குக் கூச்சம். எனக்கும் அருவருப்பு இருந்தது. மலத்தைக் கையால் எடுத்துவிட்டு வந்து சோறு உண்ணத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. வெளியே சொல்லவில்லை. சொன்னால், "புருஷனுக்குத்தானே செய்றே" என்பார்கள். செய்கிறவளுக்குத்தான் நாற்றம் தெரியும்.

பிறகு ஒருநாள் உத்தரத்தில் ஒரு கயிறு கட்டச் சொன்னார். அதைப் பிடித்து மேலுடம்பைத் தூக்கிப் பழகினார். இரண்டு உள்ளங்கையையும் பெஞ்சில் ஊன்றி இடுப்பை மேலே எழுப்புவார். நாற்காலியில் உட்காருகிறவன் அடிக்கடி அப்படி எழும்பினால்தான் புண் வராது என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். ஃபிட்டர் வேலை செய்த கை. தோளெல்லாம் திரண்டு நின்றது. கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து இரண்டு சைக்கிள் சக்கரமும் இரும்புக் குழாயும் வைத்து நாற்காலி ஒன்றை வெல்டிங் செய்து, ஞாயிற்றுக்கிழமை ஊர்வலமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சைப் பெயின்ட் அடித்திருந்தார்கள். மணி வேறு பொருத்தியிருந்தார்கள், அந்தக் குறும்பு யார் வேலையோ.

"இன்னா மாமே, பொங்கல் கய்ச்சி வண்டில போய்க்கினு வா, ஸ்டோர்ல நீதான் இனிமே ஆபீசரு" என்றான் அவருடைய சேக்காளி ஒருவன்.

"உனக்கு ஒரு நட்டுகூட குடுக்க மாட்டேன்டா" என்றார் இவர். அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வரவில்லை. எனக்குச் சிரிப்பு எங்கேயோ கழன்று விழுந்து போயிருந்தது.

அவருக்கு ஓர் அக்கா, சென்னீர்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். என் நாத்தனார் நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். தம்பிக்காக மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் எடுத்துப் போவதாக வேண்டிக்கொண்டு, வாராவாரம் நடந்தே போய்வந்தாள். அங்கே கொடுக்கும் பழத்தை வாங்கிக்கொண்டு நேரே பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்து அவர் தலைமாட்டில் வைப்பாள். ஐந்தாவது வாரம் பழத்தை வைத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோதுதான் அது நடந்தது. அவருடைய வலது கால் துடித்தது. முழங்கால் மடங்கி, விலுக்கென்று நீண்டது.

"யம்மா! காலு ஆடுதுடி! பாத்தியாடி, காலு ஆடுது!" என்று கத்தியபடி நாத்தனார் தரையில் விழுந்து கும்பிட்டாள். நான் ஓடிவந்து பார்த்தேன். மறுபடி துடித்தது. அவர் தன் காலையே வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதுகுத்தண்டு அறுந்தவர்களின் கால்கள் சில வாரம் கழித்துத் தானாகத் துடிக்கும், அது குணமல்ல, அந்த மனுஷனின் மனசுக்கும் அந்தத் துடிப்புக்கும் சம்பந்தமில்லை என்பது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. நர்ஸம்மா கிறிஸ்துமஸுக்குத் தன் ஊருக்குப் போயிருந்தார். திருநெல்வேலிப் பக்கம். வருவதற்குப் புது வருஷம் பிறந்து ஒரு வாரமாகும்.

நாத்தனார் உறுதியாகச் சொன்னாள். "நரம்பு முய்ச்சிக்கினு கீது. மார்கழிக் குளிருல மறுபடி மரத்துப் பூடும். இப்பவே தவிடு வறுத்து ஒத்தடம் குடு. எங்க மாமியாருக்குக் கை வராம கெடந்துச்சே, ஒத்தடத்துலதான் வந்துச்சு."

எனக்கு நர்ஸம்மா சொன்னது ஞாபகம் வராமல் இல்லை. ஆனால் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அது உணர்ச்சி இல்லாத காலுக்குச் சொன்ன பேச்சு. இதுதான் ஆடிவிட்டதே என்று நினைத்தேன். செத்த காலுக்கு ஒரு சட்டம், உயிர் வந்த காலுக்கு வேறு சட்டம். இருந்தாலும் நான் ஒன்றும் கண்மூடித்தனமாகச் செய்துவிடவில்லை. அவரையே கேட்டேன்.

வாணலியில் தவிட்டை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, முதலில் என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பிறகு அவரைக் குப்புறப் படுக்க வைத்து, இடுப்புக்குக் கீழே முதுகெலும்பு முடிகிற இடத்தில் வைத்தேன்.

"மாமா, சூடு தெரியுதா?"

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தெரியுது" என்றார்.

"நெசமாவா? எங்க வெச்சிருக்கேன் சொல்லு?"

"நடுவுல. லேசாத் தெரியுது."

நான் அழுதேன், சிரித்தேன். பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தக் குடத்துச் சண்டைக்காரியைத்தான். அவளும் சேர்ந்து அழுதாள். அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் சூடாக வைத்தேன். "இப்ப?" என்றேன். "நேத்திக்கு மேல நல்லாத் தெரியுதுமே" என்றார். மூன்றாம் நாள் முடிச்சைப் பெரியதாகக் கட்டினேன். கையால் பிடித்துக்கொண்டே எவ்வளவு நேரம் நிற்பது? அவரை மல்லாக்கப் படுக்க வைத்து, முடிச்சை அடியில் கொடுத்துவிட்டு, "சுட்டா கொரலு குடு, மாமா" என்று சொல்லிக் குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்குப் போனேன். குழாயில் கூட்டம். அன்றைக்கு யாரோடும் நான் சண்டை போடவில்லை. எல்லோரும் கால் ஆடிய கதையைக் கேட்டார்கள், நானும் நின்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று மணிச் சங்கு ஊதியதும் வந்து அவரைப் புரட்டினேன். துணி தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து வெள்ளையாக இருந்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "இன்னாமே ஆச்சு?" என்று என்னைத்தான் கேட்டார்.

உட்கார்ந்தால் பாரம் இறங்குகிற இடம் அது. அதைப் பார்த்த அந்த நிமிஷமே எனக்குப் பொங்கலும் தெரிந்தது, ரயிலும் தெரிந்தது, பச்சை நாற்காலியும் தெரிந்தது. எல்லாம் முடிந்தது என்றும் தெரிந்தது. அப்புறம் பல மாதம் இல்லை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் சும்மா.

முதலில் மஞ்சள் பூசினோம், வாழை இலையில் படுக்க வைத்தோம். நர்ஸம்மா ஊரிலிருந்து வந்தார். பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு நேரே எங்களிடம் வந்தவர், புண்மேல் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். "சொன்னேனேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். கழுவிக்கொண்டே, "உணர்ச்சி இருந்திருந்தா கத்தியிருப்பாரே" என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

அந்த வார்த்தையில்தான் எனக்குப் பொறி தட்டியது. அப்படியென்றால் 'தெரியுது' என்றாரே, அது என்ன? அவரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை.

நாத்தனார் வந்து பார்த்தாள். ஒத்தடம் கொடுக்கச் சொன்னது அவள். ஆனால் அடிவயிற்றிலிருந்து கத்தியது என்னைப் பார்த்து. "என் தம்பியை வேக வெச்சிட்டியேடி! ஒத்தடம் குடுன்னா, மேல படுக்க வெப்பாங்களாடி?" தெருவே கூடிவிட்டது.

"அக்கா, சும்மா கெட. நான்தான் அப்படி வெக்கச் சொன்னேன்" என்றார் அவர்.

அவர் சொல்லவில்லை. படுக்க வைத்தது நான். எனக்காகப் பேசுகிறார் என்று அப்போது நான் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை, எரிந்தது.

பொங்கல் வந்து போனது. அந்த வார்டுக்கு நர்ஸம்மா எங்கள் சார்பில் எழுதினார். புண் ஆறியதும் எழுதுங்கள், அப்போது பார்க்கலாம் என்று மரியாதையாகத்தான் பதில் போட்டார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. புண்தான் ஆறவில்லை. மேலே கொஞ்சம் மூடுவதுபோல் காட்டும், உள்ளே குழிந்துகொண்டே போகும். சித்திரையில் எலும்பு தெரிந்தது. இரண்டு முறை பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்து வெட்டி எடுத்துத் தைத்தார்கள். இரண்டு முறையும் தையல் விட்டுப்போயிற்று.

உட்காரக் கூடாது, மல்லாக்கப் படுக்கவும் கூடாது. மூன்றரை வருஷம் அந்த மனுஷன் பெரும்பாலும் குப்புறப் படுத்துக்கிடந்தார். பெஞ்சின் விளிம்புக்கு முகம் வெளியே வரும்படி படுத்து, கீழே தரையில் பேப்பரை விரித்து வைத்துப் படிப்பார். பக்கத்தைத் திருப்ப ஒரு குச்சி வைத்திருந்தார். வருகிறவர்களின் காலைப் பார்த்தே ஆள் யாரென்று சொல்லிவிடுவார். உத்தரத்துக் கயிற்றை அவரே அவிழ்க்கச் சொன்னார். அந்தத் தோள் வற்றி இரண்டு எலும்பாகிப்போனது. நாற்காலி வெளியே வெயிலில் நின்றது. ஒரு கோடையில் எங்கள் குழாய் வறண்டு போக, அதில்தான் இரண்டு குடத்தை வைத்துக் கட்டி, அடுத்த தெருக் குழாய்க்குத் தள்ளிக்கொண்டு போனேன். நன்றாக ஓடியது. நல்ல வேலைக்காரர்கள் செய்த வண்டி.

ஸ்டோரில் அவருக்காக வைத்திருந்த இடத்தை மேனேஜர் ஒரு வருஷத்துக்கு மேல் காலியாகவே வைத்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, எட்டாவது வரை படித்திருக்கிறாயாமே, நீ வருகிறாயா என்றார். போனேன். கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு உயரமான ஸ்டூல். நட்டு, போல்ட்டு, வாஷர் எல்லாம் பெட்டி பெட்டியாக. எடுத்துக் கொடுக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிற வேலை. நான் இல்லாத நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரி வந்து அவரைப் புரட்டிவிடுவாள்.

முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், அவருடைய முகத்துக்கு நேரே தரையில் உட்கார்ந்தேன். அவர் என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் தரையில்தான் உட்கார வேண்டும்.

"இன்னாமே, வேலை எப்படிக்கீது?" என்றார்.

"உன் வேலைதான், நல்லாத்தான்கீது" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் அன்றைக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்து எழுந்து வந்த ஆத்திரம் எனக்கு. இத்தனை நாள் கேட்காததைக் கேட்டேன்.

"மாமா, அன்னிக்கு ஒத்தடம் வெச்சேனே. உனக்குச் சூடு தெரிஞ்சுதா?"

அவர் குச்சியைக் கீழே வைத்தார். "இல்ல."

"மொத நாளு?"

"ஒரு நாளும் தெரியல."

"நடுவுல வெச்சிருக்கேன்னு சொன்னியே?"

"வேற எங்க வெப்பே?"

"அப்பறம் இன்னாத்துக்கு மாமா தெரியுதுன்னு சொன்னே? எதுக்கு?"

அப்புறம் சொன்னார். "நீ சிரிச்சிக்கினு இருந்தே. நான் வுயுந்ததுலேந்து அன்னிக்குத்தான் உன் மூஞ்சில சிரிப்பைப் பாத்தேன். இல்லன்னு சொல்ல வாய் வரலமே. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு பாத்தேன். மறுநாளும் சிரிச்சே."

ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லியிருக்கலாம் நான். கையைப் பிடித்திருக்கலாம். "போய்யா நீயும் உன் பொய்யும்" என்று கத்திவிட்டு எழுந்து வெளியே போய், அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அழுதேன். அவருக்குக் கேட்கும்படித்தான் அழுதேன். அதற்குப் பிறகு அவர் இருந்த இரண்டு வருஷமும் அந்தப் பேச்சை நாங்கள் எடுக்கவில்லை. புண் வழியாக ரத்தத்தில் விஷம் ஏறி, ஓர் ஆடி மாதத்தில், ஐந்து நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். முப்பத்திரண்டு வயது. அவரை நான் மன்னித்தேனா, என்னை நான் மன்னித்தேனா என்று கேட்டால் இரண்டுக்கும் இல்லை என்பதுதான் பதில். இத்தனை வருஷத்துக்குப் பிறகு மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்து ரிட்டையரானேன். கூட இருந்தவர்கள் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் பார்க்கப் போவேன். என்னைக் கண்டாலே நோயாளியின் வீட்டாருக்கு ஆகாது. பழம் வாங்கி வருகிறாள், ஆனால் மூஞ்சியைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு நிற்கிறாள், இரண்டு நல்ல வார்த்தை சொல்லத் தெரியவில்லை என்று பின்னால் பேசுவார்கள். பேசட்டும். அவர்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்று, "இப்பப் பரவாயில்லதானே, வலி கொறஞ்சிருக்குதானே" என்று சிரித்த முகமாகக் கேட்பார்கள். படுத்திருக்கிற ஆள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துத் தலையாட்டும். நான் அவர்கள் போகும்வரை காத்திருப்பேன். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில் போய், முகத்தில் ஒன்றும் காட்டாமல், "இப்ப நெசத்தைச் சொல்லு. எங்க வலிக்குது?" என்று கேட்பேன்.